கிரீனின் ஓரத்திலே

கோல்ஃப் ஆட்டத்தைத் தூரத்தில் நின்று பார்ப்பவர் மனத்தில் முதலில் பதிவது, ஓங்கிய கைகளின் வேகமும் அதனால் எழும்பி வானத்தில் சிறு புள்ளியாகிப் போகும் வெள்ளைப் பந்துமே ஆயினும், அந்த ஆட்டத்தின் கணக்கை நிதானமாகப் பார்ப்பவருக்கு வேறொரு விஷயம் புலப்படும். பதினெட்டுக் குழிகள் உள்ள ஒரு மைதானத்துக்கு 72 அடிகள் என்று பிரமாணம் விதித்தவர்கள், குழி ஒன்றுக்கு இரண்டு வீதம் 36 அடிகளை, கிரீன் எனப்படும் ஒட்ட வெட்டிய புல்தரையின்மேல் பந்தை உருட்டுவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அத்தரையை எட்டுவதற்கு முன்னே ஐம்பது அறுபது கஜத்துக்குள் ஆடவேண்டிய சிற்றடிகளையும், மணற்பள்ளத்திலிருந்து பந்தை மீட்கும் அடிகளையும் இவற்றோடு சேர்த்தால், ஆட்டத்தின் பெரும்பகுதி குழிக்கு மிக அருகிலேயே நடக்கிறதென்பது தெளிவு. இந்தக் கிட்டத்து ஆட்டத்துக்குத் தேகபலம் அதிகம் வேண்டியதில்லை. வேண்டியது கைலாகவமும் பூமியின் சாய்வைப் படிக்கும் கண்ணும். இதில் தேர்ச்சி பெற விரும்புகிறவர்கள் எத்தனையோ குறிப்புகளையும் உபதேசங்களையும் நாடுகிறார்கள். ஆனால் இந்தக் கலை எந்த மண்ணில், எந்தக் கருவிகளால், எந்த நிர்ப்பந்தங்களால் உருவாயிற்று என்று அறிவதே அவற்றுள் பலவற்றைக் காட்டிலும் அதிகப் பயன் தரும் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே, பயிர் ஏறாத மணற்பாங்கான மேட்டு நிலங்கள் உண்டு. அலையும் காற்றும் கொண்டுவந்து குவித்த மணல்மேல் குட்டையான நுண்புல் அடர்ந்து படர, அதை ஆடுகளும் முயல்களும் ஓயாமல் மேய்ந்து ஒட்டக் கத்தரித்து வைத்திருந்தன. கடற்காற்றுக்கு அஞ்சி ஆடுகள் மேடுகளின் ஓரத்தில் ஒண்டியதால் புல் தேய்ந்து மணல் வெளிப்பட்ட இடங்களே இன்று நாம் பங்கர் என்று சொல்லும் மணற்பள்ளங்களாயின என்பது பரம்பரையாக வழங்கும் செய்தி. செயின்ட் ஆண்ட்ரூஸ், லீத், மஸல்பரோ, பிரெஸ்ட்விக் முதலிய இடங்களில் இந்த ஆட்டம் வளர்ந்தது இத்தகைய நிலத்தில்தான் (இவற்றுள் பிரெஸ்ட்விக் மட்டும் மேற்குக் கரையைச் சேர்ந்தது). இங்கே தரை கடினம், காற்று ஓய்வதில்லை. உயரத் தூக்கிய பந்தைக் காற்று எங்கே கொண்டு போடும் என்பதை ஒருவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தரையோடு தரையாக ஓடவிட்ட பந்தோ, மேடு பள்ளங்களின் நெளிவைப் புரிந்துகொண்டவனுக்குக் கட்டுப்படும். ஆகவே, குழியை நெருங்கியபின் பந்தை ஓடவிடுவதே முறை என்பதை எந்த ஆசிரியரும் வகுத்துத் தரவில்லை. காற்றும் தரையும் சேர்ந்து கட்டாயப்படுத்தியதே அது.

1744-இல் லீத் நகரத்துக் கனவான்கள் ஒரு வெள்ளி மட்டையைப் பரிசாக வைத்துப் போட்டி நடத்தியபோது எழுதிவைத்த பதின்மூன்று விதிகளே இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழமையானவை. அவற்றின் முதல் விதி, முந்தின குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள்ளேயே அடுத்த அடிக்குப் பந்தை வைக்கவேண்டும் என்கிறது. இதன் விளைவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பந்தை உருட்டிக் குழியில் விடும் இடமும், அடுத்த குழிக்கு ஓங்கி அடிக்கும் இடமும் ஒன்றே. அடிக்குமுன் பந்தைச் சிறிது உயர்த்தி வைப்பதற்குக் கைப்பிடி மணலைக் குழிக்குள்ளிருந்தே எடுத்து மேடு செய்தார்கள். எனவே பொழுது ஏற ஏறக் குழி ஆழமாகியும் அகன்றும் ஓரம் இடிந்தும் போயிற்று. கனத்த பூட்ஸ் கால்கள் மிதித்த அந்தக் கரடுமுரடான தரையில் பந்தை மெல்லத் தடவி உருட்டினால் நாலடி தூரம்கூட நேராகப் போகாது. மணிக்கட்டைச் சொடுக்கிச் சுருக்கென்று தட்டவேண்டும். பந்தை உருட்டுவதற்கான பட்டர் என்னும் அக்காலத்து மட்டைகளின் முகத்தில் சிறிது சாய்வு இருந்தது இதற்காகவே. பந்து முதலில் கொஞ்சம் தாவி, முரட்டுப் புல்லைத் தாண்டி, பின்பு உருளத் தொடங்கும்.

அந்நாளைய பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிகாரத்தில் ஊறவைத்த தோலை மூன்று துண்டுகளாக வெட்டித் தைத்து, உள்வெளியாகத் திருப்பி, சிறு துவாரம் ஒன்றை மட்டும் விட்டு, அதன் வழியே வேகவைத்த வாத்திறகுகளைத் திணிப்பார்கள். கையால் திணிப்பது ஓரளவோடு நின்றுவிடும்; பிறகு இரும்புக் கம்பியின் மறுமுனையை மார்பில் அண்டக்கொடுத்து உடம்பின் பாரத்தால் அழுத்த வேண்டும். ஒரு பெரிய தொப்பி நிறையக் கொள்ளும் இறகு ஒரு பந்துக்குள் அடங்கும் என்பார்கள். உலரும்போது தோல் சுருங்கும், இறகு விரியும். இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நெருக்குவதால் பந்து கல்போல இறுகும். நாளெல்லாம் உழைத்தாலும் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் தேறாது. அதனால் அதன் விலை மிக உயர்ந்திருந்தது. இரும்பு மட்டையின் ஓரம் ஒருமுறை தவறிப் பட்டால் தோல் கிழிந்து பந்து பாழ். இந்தப் பயத்தினால் இரும்பு மட்டைகள் மிக அரிதாகவே கைக்கு வந்தன. கிரீனை நெருங்கும் அடிகளையும் மரமட்டையாலேயே ஆடினார்கள். தூரத்திலிருந்தே பந்தை உருட்டிக்கொண்டு வருவதற்குத் தனி பட்டர் இருந்தது. பந்துக்குச் சற்றுப் பின்னே தரையைத் தட்டி அதை எழுப்புவதற்குக் குட்டையான, முகம் சாய்ந்த மரமட்டையொன்று இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஹ்யூ ஃபில்ப் என்ற தச்சுக் கலைஞர் செய்த பட்டர்களின் மெலிந்த கழுத்தும் சமனிலையும், வயலின் செய்பவர்களின் திறமைக்கு நிகராக அந்தக் காலத்திலேயே போற்றப்பட்டன. 1856-இல் அவர் மறைந்தபின் அவர் செய்த மட்டையை வைத்திருப்பதே ஒரு கௌரவமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த ஊரின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆலன் ராபர்ட்ஸன். சிறுத்த உருவம், தூரம் அடிப்பதில் அவரை மிஞ்சினவர்கள் இருந்தார்கள், ஆனால் அளந்து ஆடுவதில் அவருக்கு ஈடில்லை. 1858-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தை 79 அடிகளில் முடித்து, 80-க்குள் அடக்கிய முதல் மனிதர் என்ற புகழ் பெற்றார். கிரீனை நெருங்கும் அடிக்கு மரமட்டையை விட்டுவிட்டு, கிளீக் என்னும் சாய்வு குறைந்த இரும்பு மட்டையால் பந்தைத் தாழ்வாகத் தட்டி ஓடவிடும் வழக்கத்தைப் பரப்பியவர் அவரே என்று அக்காலத்தவர் எழுதிவைத்தார்கள். ஜீவனத்துக்கு அவர் இறகுப் பந்து செய்து விற்று வந்தார். தாமஸ் மாரிஸ் என்னும் இளைஞர் அவரிடம் வேலை கற்றார்.

அப்போதுதான் கட்டாபெர்ச்சா வந்தது. மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் உறைந்து கிடைக்கும் அந்தப் பிசின், வெந்நீரில் இளகும், ஆறினால் கெட்டிப்படும். இந்தியாவிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு குடும்பத்துக்கு அனுப்பப்பட்ட விஷ்ணு விக்கிரகம் வழியில் உடையாமலிருக்க இந்தப் பிசின் துண்டுகளால் பொதியப்பட்டிருந்ததென்றும், ராபர்ட் பாட்டர்ஸன் என்ற மாணவர் அத்துண்டுகளை இளக்கி உருட்டி முதல் பந்தைச் செய்தாரென்றும் ஓர் ஐதிகம் உண்டு. ஐதிகம் எப்படியாயினும், 1848-ஆம் ஆண்டுவாக்கில் இந்தப் பந்து பரவத் தொடங்கியதும் இறகுப் பந்தின் காலம் முடிந்தது. பிழைப்புக்கு ஆபத்து வந்ததைக் கண்ட ராபர்ட்ஸன் புதுப் பந்துகளை வாங்கி நெருப்பில் போட்டாரென்றும், மாரிஸ் ஒருநாள் அந்தப் பந்தால் ஆடியதைப் பார்த்துக் கடிந்துகொண்டதால் குரு சிஷ்யர் இருவரும் பிரிந்தார்களென்றும் சொல்லப்படுகிறது. மாரிஸ் 1851-இல் பிரெஸ்ட்விக் சென்று அங்கே மைதானக் காவலரானார்.

கட்டாபெர்ச்சா பந்து மலிவு. அதைவிட முக்கியம், இரும்பு பட்டால் அது கிழியாது. வடுப்பட்டாலும் மீண்டும் வெந்நீரில் போட்டு உருட்டிவிடலாம். நூறு வருஷங்களாக மூலையில் கிடந்த இரும்பு மட்டைகளுக்கு விடுதலை கிடைத்தது. இந்த விடுதலையைப் பூரணமாகப் பயன்படுத்திக்கொண்டவர் பிரெஸ்ட்விக் காவலரின் மகன், தந்தையின் பெயரையே தாங்கிய இளைய டாம் மாரிஸ். மைதானத்தின் குறுக்கே போய்வந்த பார வண்டிகளின் சக்கரத் தடத்தில் பந்து விழுந்துவிட்டால் தோண்டி எடுப்பதற்கென்று, உள்ளங்கையைவிடச் சிறிய தலையுடன், நன்றாகச் சாய்ந்த முகத்துடன் ஓர் இரும்பு மட்டை வழக்கத்தில் இருந்தது. ஆபத்துக் காலத்துக் கருவியான அதை, இளைய டாம் நல்ல புல்லின்மேல் கிடக்கும் பந்துக்குப் பிரயோகித்தார். பந்து செங்குத்தாக எழும்பி, கிரீன்மேல் இறங்கியதும் அதிகம் ஓடாமல் நின்றது. தரையோடு ஓடும் அடியையே பெரிதும் நம்பியிருந்த உலகத்தில், வானத்து வழியும் உண்டு என்று காட்டிய செய்கை அது. அத்தகைய சிறு தலையால் பந்தைச் சரியாகத் தொடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த மாதிரி மட்டையை ஒருமுறை கையில் பிடித்தாலே உணரலாம். 1868, 1869, 1870 ஆகிய மூன்றாண்டுகள் தொடர்ந்து, ஓப்பன் எனப்படும் பிரிட்டிஷ் பெரும்பந்தயத்தில் வென்றார். 1871-இல் பந்தயம் நடக்கவில்லை. 1872-இல் மறுபடியும் அவரே வென்றார். 1875-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று, இருபத்து நான்காம் வயதில், காலமானார். மனைவியும் குழந்தையும் பிரசவத்தில் மறைந்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது.

தந்தையின் கீர்த்தி வேறு வகையானது. மூத்த டாம் மாரிஸ் நான்கு முறை ஓப்பன் பந்தயத்தில் வென்றவர். 1867-இல் 46 வயதில் அவர் பெற்ற வெற்றியே, அப்பந்தயத்தில் வென்றவர்களுள் வயதில் மூத்தவர் என்ற ஸ்தானத்தை இன்றளவும் அவருக்கு அளிக்கிறது. ஆனால் குழியருகே மூன்றடி தூரத்து உருட்டல்களில் அவர் கை அடிக்கடி பிசகும். கிட்டத்து உருட்டலைத் தவறவிடுபவர், பிரெஸ்ட்விக் என்று மட்டும் விலாசம் எழுதி ஒரு நண்பர் அனுப்பிய கடிதத்தை, தபால்காரர் தயங்காமல் நேரே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பது அந்த நாட்டில் பிரசித்தமான கதை. இத்தகைய மனிதரே பிற்காலத்து உருட்டல் கலை முழுவதற்கும் அஸ்திவாரமிட்டார் என்பதை நான் மிகுந்த மரியாதையுடன் எண்ணிப் பார்ப்பதுண்டு. பிரெஸ்ட்விக்கில் தற்செயலாகத் தள்ளுவண்டி மணல் கொட்டிய இடத்தில் புல் முன்னிலும் செழித்து மெல்லியதாக முளைத்ததைக் கண்ட அவர், 1865 முதல் செயின்ட் ஆண்ட்ரூஸில் மைதானக் காவலராக இருந்த ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளும் கிரீன்களுக்கு மணலிட்டுக்கொண்டே வந்தார். மணல் பள்ளங்களை நிரப்பித் தரையைச் சமமாக்கும், நீரை வடியவிடும், தடித்த புல்லை அடக்கி நுண்புல்லை வளர்க்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் ஒருவரையும் ஆட விடமாட்டார். மனிதனுக்கு ஓய்வு வேண்டாவிட்டாலும் புல்லுக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. ஓங்கி அடிக்கும் இடத்தைக் கிரீனிலிருந்து பிரித்துத் தனியே வைக்கும் வழக்கமும் அவர் காலத்தில் வேரூன்றியது. மட்டையால் தட்ட வேண்டிய தரை, வருடி உருட்டத் தக்க தரையாக மாறியது இவ்வாறுதான்.

குழியின் அளவும் இக்காலத்திலேயே நிலைபெற்றது. மஸல்பரோவில் 1829-ஆம் ஆண்டிலேயே குழி வெட்டுவதற்கென ஓர் இரும்புக் கருவி செய்திருந்தார்கள். அதன் வாய் நாலேகால் அங்குல விட்டம். 1891-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் அதே அளவை எங்கும் செல்லும் விதியாக்கியது. இன்று பல கோடி ரூபாய்ப் பரிசுகளை நிர்ணயிக்கும் அந்தத் துவாரம் அளவெடுக்கப்பட்டது ஒரு சிற்றூரின் குழிவெட்டியிலிருந்து.

பெண்களுக்கு இந்தக் கலையில் உள்ள பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தோளுக்குமேல் கையை ஓங்குவது ஸ்திரீகளுக்கு ஒவ்வாதென்று கருதிய விக்டோரியா காலத்துச் சமூகம், அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது உருட்டல் ஆட்டம் ஒன்றைத்தான். 1867-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் தோன்றிய மகளிர் சங்கத்துக்காக மூத்த டாம் மாரிஸ் அமைத்துக் கொடுத்த மேடுபள்ளத் தரை, இமயமலை என்ற செல்லப் பெயரால் இன்றும் வழங்குகிறது. ஆறு கஜத்துக்கு ஒரு குன்றும் ஒரு சரிவும் உள்ள அந்த இடத்தில், நேராக அடித்த பந்து குழியை அடைவது அபூர்வம். எந்த மேட்டின் எந்தத் தோளில் ஏற்றினால் எங்கே வழிந்து இறங்கும் என்று கணித்தே ஆடவேண்டும். கட்டுப்பாடாக விதிக்கப்பட்டதை ஒரு வித்தையாகவே அவர்கள் வளர்த்தார்கள்.

உருட்டலுக்குத் தனி அப்பியாசம் வேண்டும் என்பதை உலகுக்கு வற்புறுத்தியவர் மஸல்பரோவின் இளைய வில்லி பார்க். அவர் தந்தை 1860-இல் பிரெஸ்ட்விக்கில் எட்டுப்பேர் மட்டும் கலந்துகொண்ட முதல் ஓப்பன் பந்தயத்தில் மூத்த டாம் மாரிஸை இரண்டு அடிகளால் முந்தியவர். மகன் 1887-இலும் 1889-இலும் வென்றார். இந்த இரண்டாவது வெற்றியைக் கவனிக்கவேண்டும். ஆண்ட்ரூ கர்க்கால்டி என்ற வலிமைமிக்க ஆட்டக்காரர், ஒரு குழியின் விளிம்பில் அங்குல தூரத்தில் நின்ற பந்தை அலட்சியமாக ஒற்றைக் கையால் தட்டப்போய், மட்டை பந்தின்மேல் படாமலே போய்விட்டது. பட்டாலும் படாவிட்டாலும் வீசினது ஓர் அடியே. முடிவில் இருவரும் சமமாக நின்றார்கள். மறுபடி ஆடியபோது பார்க் வென்றார். 250 கஜம் பறக்கும் அடிக்கும் அங்குலம் நகரும் அடிக்கும் கணக்கில் ஒரே மதிப்பு என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி எனக்குத் தெரியாது. பார்க் 1920-இல் உருட்டலைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதி வெளியிட்டார்.

நூற்றாண்டு திரும்பியதும் கருவிகளும் சட்டங்களும் ஒன்றையொன்று துரத்திய காலம் வருகிறது. ரப்பர் நூலைச் சுற்றிச் செய்த ஹாஸ்கெல் பந்து அமெரிக்காவிலிருந்து வந்து, 1902-இல் ஸாண்டி ஹெர்டுக்கு ஓப்பன் பட்டத்தைத் தேடித் தந்தது. அது துள்ளும் பந்து, கிரீனில் நிற்பதில்லை. நிற்கவைப்பதற்காக மட்டை முகத்தில் ஆழமான வரிகள் வெட்டினார்கள். அவ்வாறு வெட்டிய மட்டைகளோடு 1921-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஜாக் ஹட்சிஸன் ஓப்பன் பட்டத்தை வென்றதும், அவ்வகை வரிகள் தடை செய்யப்பட்டன. அமெரிக்காவின் வால்டர் டிராவிஸ் 1904-இல் ஸாண்ட்விச்சில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றது, தலையின் நடுவில் கோல் செருகிய ஒரு புதுமாதிரி பட்டரால். 1910-இல் பிரிட்டனில் அதற்கும் தடை வந்து நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஒரு தோல்வியின் கசப்பே இத்தடைக்குக் காரணம் என்று பலர் சொன்னாலும், கருவி கைலாகவத்தை விழுங்கிவிடக்கூடாதே என்ற உண்மையான கவலையும் அதில் இருந்ததென்றே நான் கருதுகிறேன்.

மணற்பள்ளத்தின் கதை இவற்றுள் தலையானது. 1921-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில், அதே ஓப்பன் பந்தயத்தில், பத்தொன்பது வயது அமெரிக்கர் பாபி ஜோன்ஸ் பதினோராவது குழியின் அருகே ஒரு மணற்பள்ளத்தில் பந்தை இட்டு, பலமுறை அடித்தும் வெளியேற்ற மாட்டாமல், மனமுடைந்து பந்தயத்தை விட்டே விலகினார். பின்னாளில் இந்த ஆட்டத்தின் மேதையாகப் போற்றப்பட்டவருக்கே இந்தக் கதி. காரணம் மட்டையில் இருந்தது. அன்றைய நிப்ளிக் மட்டையின் முன்விளிம்பு கத்தியைப்போல மெலிந்து மணலுக்குள் ஆழ இறங்கிப் புதைந்துவிடும். பந்தை மட்டும் துல்லியமாகச் சீவி எடுத்தாலன்றி வழியில்லை. மயிரிழை தவறினால் பந்து கிரீனைத் தாண்டிப் பறந்துவிடும், அல்லது நின்ற இடத்திலேயே நிற்கும். முகத்தைக் கிண்ணம்போலக் குழித்த ஒரு கனத்த மட்டை 1928-இல் தோன்றியது. 1930-இல் ஹாய்லேக்கில் அதே ஜோன்ஸ் அதனால் ஓர் அரிய அடி ஆடி ஓப்பன் பட்டத்தை வென்றார். 1931-இல் அதுவும் தடை செய்யப்பட்டது.

அந்த இடைவெளியில் ஜீன் ஸாரஸன் வழி கண்டார். மட்டை சுமக்கும் கேடியாக வாழ்க்கையைத் தொடங்கிய அந்த இத்தாலிய வம்சத்து அமெரிக்கர், விமானம் ஓட்டக் கற்றபோது, வால் சிறகு தாழ்ந்தால் மூக்கு நிமிர்வதைக் கவனித்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். ஃப்ளாரிடாவில் தம் வீட்டருகே, நிப்ளிக்கின் அடிப்பாகத்தில் ஈயப்பற்றை உருக்கி ஊற்றி, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி அராவி அராவிச் சரிசெய்தார். இப்போது மணலில் முதலில் இறங்குவது மட்டையின் தடித்த பின்புறம். அது புதையாமல் வழுக்கி மேலே துள்ளும். மட்டை பந்தைத் தொடவே வேண்டாம். பந்துக்கு இரண்டங்குலம் பின்னே அடித்தால், இடையிலுள்ள மணலே பந்தைச் சுமந்துகொண்டு வெளியே வரும். 1932-இல் ஸாண்ட்விச்சின் பிரின்ஸஸ் மைதானத்தில் இம்மட்டையுடன் ஆடி, 283 என்ற அந்நாள்வரை கண்டிராத கணக்கில், ஐந்து அடி வித்தியாசத்தில் ஸாரஸன் ஓப்பன் பட்டத்தை வென்றார். நாற்பத்தோராண்டு கழித்து, 1973-இல், 71 வயதில், டிரூன் மைதானத்தின் பேர்பெற்ற எட்டாவது குழியில் முதல் நாள் ஒரே அடியில் பந்தைப் போட்டார். மறுநாள் அதே குழியில் பந்து மணற்பள்ளத்தில் விழ, அங்கிருந்தே நேரே குழிக்குள் அனுப்பினார். இரண்டு நாளும் அந்தக் கிரீனில் அவருக்குப் பட்டர் தேவைப்படவில்லை.

மறைந்துபோன ஒரு வித்தையையும் இங்கே நினைவுகூர வேண்டும். எதிராளியின் பந்து நம் பந்துக்கும் குழிக்கும் நடுவே வழிமறித்து நின்றால், இன்று அதை எடுத்துவிட்டு அடையாளம் வைக்கிறோம். முன்பு, ஒருவரோடொருவர் எதிர்த்தாடும் ஆட்டத்தில், இரண்டு பந்துகளுக்கும் இடையே ஆறங்குலத்துக்கு மேல் இருந்தால் எடுக்கக்கூடாது. அளந்து பார்ப்பதற்கு வசதியாகக் கணக்குச் சீட்டுகளையே ஆறங்குல அளவில் அச்சிட்டிருந்தார்கள். வழி மறிக்கப்பட்டவர் பந்தை வளைத்து ஓட்டவேண்டும், அல்லது கிரீனின் மேலேயே நிப்ளிக்கை எடுத்து எதிர்ப் பந்தின் தலைக்குமேல் தாண்டவைத்துக் குழியில் இறக்கவேண்டும். 1930-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த அமெச்சூர் பந்தயத்தில், ஜோன்ஸுக்கும் சிரில் டாலிக்கும் நிகழ்ந்த கடும்போட்டி பத்தொன்பதாவது குழியில் முடிந்தது இப்படி டாலியின் வழியை ஜோன்ஸின் பந்து மறித்ததால்தான். அதிர்ஷ்டத்துக்கு அதிக இடம் தருகிறதென்று கருதி, 1952 முதல் அமலான புதிய விதிகளில் இதை நீக்கிவிட்டார்கள். நியாயம் அவர்கள் பக்கம் இருக்கலாம். எனினும் கிரீன்மேல் பந்தைத் தாவவைக்கும் அந்த நுட்பம் ஒரு தலைமுறையோடு மறைந்துபோனதற்காக நான் வருந்துகிறேன்.

பலத்துக்கும் லாகவத்துக்கும் நேருக்கு நேர் நடந்த பரீட்சை என்று சொல்லத்தக்கது 1938-இல் பென்ஸில்வேனியாவின் ஷானீ மைதானத்தில் நடந்தது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பட்டத்துக்கான இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஸாம் ஸ்னீட், அழகும் ஆற்றலும் ஒருங்கே வாய்ந்த நெட்டடிக்காரர். மறுபக்கம் பால் ரன்யன், குள்ளமான மெலிந்த மனிதர். ஒவ்வொரு முறையும் ஸ்னீடின் பந்து வெகுதூரம் முன்னே போய் நின்றது. ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்த ரன்யன் முதலில் ஆடி, கிரீனை எட்டாவிட்டாலும், அடுத்த சிற்றடியில் குழியருகே கொண்டுவந்து நிறுத்தினார். முடிவில் ஏழு குழிகள் மிச்சமிருக்கும்போதே எட்டுக் குழிகள் முன்னேறி ஆட்டத்தை முடித்துவிட்டார். கிரீன் ஓரத்திலிருந்து ஆடும் சிற்றடியை, மணிக்கட்டை மடக்காமல், உருட்டலைப்போலவே தோள்களின் அசைவால் ஆடவேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுவதும் போதித்தார். சாமானிய ஆட்டக்காரருக்கு அதைவிட நல்ல போதனை இன்றும் இல்லை.

இதற்கிடையில் தரையே மாறிக்கொண்டு வந்தது. புல்வெட்டும் இயந்திரம் 1830-இல் இங்கிலாந்தில் தோன்றி, படிப்படியாக ஆடுகளின் வேலையை ஏற்றது. 1935-இல் ஓக்மாண்ட் மைதானத்தின் கிரீன்கள் வழுக்குப் பாறைபோல் இருக்கக் கண்ட எட்வர்ட் ஸ்டிம்ப்ஸன் என்பவர் அவற்றின் வேகத்தை அளக்க ஒரு சாய்பலகை செய்தார். அதைத் திருத்தி 1970-களில் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் ஏற்றது. மூன்றடி நீளமுள்ள பள்ளமிட்ட சட்டத்தில் பந்தை வைத்து மெல்ல உயர்த்தினால், சுமார் இருபது பாகை சாய்வில் பந்து தானே விடுபட்டு உருளும். எத்தனை அடி உருள்கிறதோ அதுவே கிரீனின் வேகம். வேகம் கூடக்கூட மணிக்கட்டால் சொடுக்கும் பழைய உருட்டல் போய், தோள்களால் ஊஞ்சல்போல ஆடும் உருட்டல் வந்தது. மறுபுறம், அமெரிக்க மைதானங்களில் நீர் பாய்ச்சிக் கிரீன்களை மிருதுவாக்கியதால், உயரத்திலிருந்து விழும் பந்து விழுந்த இடத்திலே நின்றது. ஓடவிடும் அடி தேவையற்றதாயிற்று. அறுபது பாகை சாய்ந்த வெட்ஜ் என்னும் மட்டை ஒன்றையே எல்லாவற்றுக்கும் எடுக்கும் பழக்கம் இதன் சந்ததி.

சரித்திரத்தை அறிந்தவர் இந்தப் பழக்கத்துக்கு எளிதில் இரையாகமாட்டார். பட்டரால் உருட்ட முடியுமானால் உருட்டுவது; முடியாதபோது சாய்வு குறைந்த மட்டையால் ஒரு கஜம் தாவவைத்து மீதியை ஓடவிடுவது; நடுவில் மணலோ நீரோ குறுக்கிட்டால் மட்டுமே உயரத் தூக்குவது. இந்த வரிசையே காற்றடிக்கும் கடற்கரையில் தோன்றிய ஆதி வரிசை. பந்து காற்றில் இருக்கும் நேரம் குறையக் குறையப் பிழையும் குறையும். தாழ்ந்து ஓடும் பந்து சற்றுப் பிசகி அடிபட்டாலும் குழியின் திசையிலேயே போகும். உயர எழுப்பும் அடி பிசகினால் கிரீனையே கடந்துவிடும். அப்பியாசத்திலும் இதே விவேகம் வேண்டும். பல மட்டைகளோடு ஒரே தூரத்தை அடிப்பதைவிட, ஒரே மட்டையோடு பத்து கஜம், பதினைந்து கஜம், இருபது கஜம் என்று மாற்றி மாற்றி ஆடி, பந்து முதலில் தரையைத் தொடவேண்டிய இடத்தை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்வது கைக்கு அளவைக் கற்பிக்கும். நீண்ட உருட்டல்களில் பெரும்பாலோர் பிசகுவது திசையில் அல்ல, தூரத்தில். எனவே குழியைப் பாராமல் கிரீனின் விளிம்பைக் குறியாக வைத்து, அதைத் தாண்டாமல் எவ்வளவு அருகே நிறுத்தலாம் என்று பழகுவது நலம்.

ஸ்பெயின் தேசத்துப் பெட்ரேனா என்ற கடலோரக் கிராமத்தில் ஸெவெ பாலெஸ்டெரோஸ் என்னும் சிறுவன் கற்ற விதம் இதுவே. அவனிடம் இருந்தது பழைய மூன்றாம் எண் இரும்பு மட்டை ஒன்றுதான். பையன்களுக்கு மைதானத்தில் அனுமதியில்லை. ஆகவே கடற்கரை மணலில் அந்த ஒரே மட்டையால் ஓடவிடவும், தாழ்த்தவும், முகத்தைச் சாய்த்து எழுப்பவும் தானே கற்றுக்கொண்டான். 1976-இல் பர்க்டேல் மைதானத்தில் நடந்த ஓப்பன் பந்தயத்தின் கடைசிக் குழியில், அந்தப் பத்தொன்பது வயது இளைஞனுக்கும் கொடிக்கும் நடுவே இரண்டு மணற்பள்ளங்கள் இருந்தன. எவரும் பந்தைத் தூக்கி அவற்றைத் தாண்டவே எண்ணுவார்கள். அவன் அவ்விரண்டுக்கும் இடையே கிடந்த குறுகிய மேட்டுப் பாதை வழியாகப் பந்தைத் தரையோடு ஓடவிட்டு, குழிக்குச் சில அடி தூரத்தில் நிறுத்தி, அடுத்த உருட்டலில் முடித்து, ஜாக் நிக்லஸுடன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டான். பின்னர் 1979, 1984, 1988 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதே பட்டம் அவனுக்குக் கிடைத்தது.

குழியின் அளவைத் தந்த மஸல்பரோவின் பழைய மைதானத்தில், இன்றும் ஒன்பது குழிகள் குதிரைப் பந்தயச் சாலைக்குள்ளே இருக்கின்றன. ஹிக்கரி மரக்கோலுள்ள பழைய மாதிரி மட்டைகளை அங்கே வாடகைக்குக் கொடுக்கிறார்கள். நவீன வெட்ஜோடு பழகிய கைகள் அந்த மட்டைகளை எடுத்துக்கொண்டு கிரீனை நெருங்கும்போது, பந்தைத் தூக்கும் எண்ணத்தை முதல் இரண்டு மூன்று குழிகளிலேயே கைவிட்டு, அதை ஓடவிடத் தொடங்குகின்றன.